வன்னிநாட்டில் திருக்குடும்பக் கன்னியர்

வன்னிக்கு மாற்றம் என்று கேட்டதும் உத்தியோகத்தர் முகம் வாடிய காலம் ஒன்று இருந்தது. அக்காலம் முற்றாகக் கழிந்துவிட்டது என்று இன்றும் சொல்வதற்கில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் முல்லைத்தீவு, ஒருபுறம் கடலும் மறுபுறம் அடர்ந்த காடும் சூழ்ந்த சிறு பட்டினம். வடபகுதிப் புகைவண்டிப் பாதை காங்கேசன்துறை வரை முற்றுப்பெற்றது 1905 ஆம் ஆண்டிலே. அதன் பின்னரும் தரைவழி செல்வோர் மாங்குளத்தில் இறங்கி, கிழக்கு நோக்கி ஏறத்தாழ 30 மைல் காட்டுப்பாதையைக் கடந்தாலன்றி முல்லைத்தீவுக் கரையைக் காண முடியாது. பழைய குளங்கள் பல உடைந்து தூர்ந்து கிடந்தன. மாரி தொடங்கினால் குளிர்காய்ச்சலும் உடன் தொடங்கும். பறங்கிப் புண் என்னும் கொடிய நோய் கிராமம் கிராமமாகப் பரவியிருந்தது. அந்நோயைப் பற்றி இலங்கையின் வைத்தியத் தலைமை அதிகாரியாகிய கின்சி துரை 1881 இல் தனி அறிக்கையே எழுத நேர்ந்தது என்றால், அதன் கொடுமையை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய நாட்டுக்கு அனுப்பப்பட்டுச் செல்வது ஒன்று. தாமாக விரும்பிச் சென்று தங்குவது மற்றொன்று. முதல் வகையினர் எப்பொழுது திரும்பலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பர். இரண்டாம் வகையினர் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒரு கூட்டத்தார் பெண்கள். துறவு பூண்ட பெண்கள். திருக்குடும்பக் கன்னியர் என்று வடபகுதி மக்களால் அழைக்கப்படுபவர் அவர்களே. அவர்கள் யார், எங்கிருந்து வந்தனர், இந்நாட்டுப் பெண்களின் வாழ்வில் அவர்களால் விளைந்தது யாது என்பவற்றை அறிய வேண்டுமாயின், முதலில் கடல் கடந்து பிரான்சு தேசத்துக்குச் செல்ல வேண்டும்.

பிரான்சின் தென்மேற்கே, திராட்சை இரசத்துக்குப் பேர்பெற்ற போர்தோ என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அந்நகரிலே 1793 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் பியர் பியன்வெனு நோவாய். அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதைச் சரித்திரம் படித்தவர் மறக்கமாட்டார். பிரெஞ்சுப் புரட்சி உச்சக் கொடுமையை அடைந்த ஆண்டு அது. சனவரியில் அரசன் சிரச்சேதம் செய்யப்பட்டான். அரசி மாரி அந்துவனேத்து கொலைக்களம் ஏறிப் பதினொரு நாள் கழித்துப் பிறந்த குழந்தை நோவாய். கோவில்கள் அடைக்கப்பட்டிருந்தன. துறவு மடங்கள் கலைக்கப்பட்டுக் கன்னியர் வீதிக்குத் துரத்தப்பட்டிருந்தனர். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களும், நோயாளிகளைத் தாங்கியவர்களும், அனாதைகளுக்கு அன்னமிட்டவர்களும் பெரும்பாலும் அக்கன்னியரே ஆதலால், மடங்கள் அழிந்தபோது அப்பணிகளும் உடன் அழிந்தன. இடிப்பது எளிது, இடித்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் எந்தப் புரட்சிக்கும் வரும் கேள்வி.

நோவாய் 1819 இல் குருவாக அபிஷேகம் பெற்று, போர்தோ நகரிலே அர்ச். யூலாலியம்மாள் கோவிலில் உதவிக் குருவானார். அடுத்த ஆண்டு, 1820 மே 28 ஆம் நாள், அவருடைய வழிகாட்டலில் மூன்று பெண்கள் ஒரு வீட்டிலே கூடி வாழத் தொடங்கினர். அவர்களிடம் பெருஞ் செல்வமோ, அரசாங்க ஆதரவோ, உயர்ந்தோர் சிபாரிசோ இருக்கவில்லை. திருக்குடும்ப சபை பிறந்தது இவ்வளவு எளிமையாகவே. 1822 பெப்ரவரி 3 ஆம் நாள் அவர்களுடைய சிற்றாலயத்தில் நற்கருணை ஆசீர்வாதம் நிகழ்ந்தபோது, அப்பத்திலே கிறிஸ்துநாதருடைய திருவுருவம் தோன்றி அங்கிருந்தோரை ஆசீர்வதித்ததாகச் சபையினர் நம்புகின்றனர். அந்நாளை இன்றும் அவர்கள் சிறப்பாக நினைவுகூருகின்றனர்.

நோவாய் அடிகளாரின் எண்ணத்தில் ஒரு புதுமை இருந்தது. நாசரேத்தூரில் யேசுவும் மரியாளும் சூசையப்பரும் வாழ்ந்த குடும்பத்தை மாதிரியாகக் கொண்டு, எல்லா நிலையினரும் சேரத்தக்க ஒரு பெருங் குடும்பத்தை அமைக்க அவர் விரும்பினார். ஆகவே சபை பல கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தது. ஒரு கிளையினர் கல்வி கற்பித்தனர். ஒரு கிளையினர் அனாதைச் சிறுமியரை வளர்த்துத் தொழில் பழக்கினர். நம்பிக்கைக் கன்னியர் என்ற கிளையினர் நோயாளிகளை அவரவர் வீடுகளிலேயே சென்று பராமரித்தனர். தனிமையில் செபதவத்தில் ஈடுபட்டோரும் இருந்தனர். இல்லறத்தில் இருந்துகொண்டே சபையோடு சேர்ந்தோரும் இருந்தனர். இத்தனை கிளைகளையும் ஒரே அடிமரத்தில் பிடித்து வைத்திருப்பது இலேசான காரியமன்று. கிளைகளின் வேற்றுமை பின்னாளில் சபைக்குச் சங்கடமாகவும் இருந்தது. அச்சங்கடம் யாழ்ப்பாணம் வரை வந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

இந்தச் சபைக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டானது எவ்வாறு? பிரான்சின் தென்கரையிலுள்ள மார்செயில் நகரத்து மேற்றிராணியாராகிய யூஜின் டி மசெனட் ஆண்டகை, 1816 இல் அமலமரித் தியாகிகள் சபை என்னும் குருமார் சபையை நிறுவியிருந்தார். அச்சபைக் குருமார் 1847 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். அவர்களுக்குத் தலைவராக வந்தவர் செமேரியா சுவாமி. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டிருந்த காலத்தில், கோவையிலிருந்து 1687 இல் மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் முனிவர் அணையாமல் காத்த விசுவாசம், வடகரையோரங்களிலும் வன்னிக் காடுகளிலும் சிறு சிறு கூட்டங்களாக நிலைத்திருந்தது. அக்கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் வேலையே புதிய குருமாருக்கு வாய்த்தது.

ஆனால் அவர்கள் விரைவில் ஒரு தடையைக் கண்டனர். தமிழ் வீட்டின் வாசல் வரையில்தான் குருவானவர் செல்லலாம். உள்ளே செல்ல இயலாது. ஆடவரான அன்னியர், அதிலும் வேற்றுநாட்டார், பெண்பிள்ளைகளை அழைத்துக் கற்பிப்பது அக்காலத்தில் நினைக்கவும் ஆகாதது. பையன்களுக்குப் பாடசாலை திறந்தாயிற்று. அவர்களுடைய சகோதரிகளுக்கு யார் திறப்பது? பெண்களிடம் செல்லப் பெண்களே வேண்டும். 1858 ஆம் ஆண்டு சனவரியில் மசெனட் ஆண்டகையின் சபையும் நோவாய் அடிகளாரின் சபையும் உறவு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. யாழ்ப்பாணத்துக்குக் கன்னியர் வருவதற்குக் கதவு திறந்தது அவ்வுடன்படிக்கையால்தான்.

பெற்றக்கினி ஆண்டகைக்குப் பின் யாழ்ப்பாணத் திருச்சபையின் தலைமையை ஏற்ற செமேரியா ஆண்டகை, கன்னியரைத் தேடி ஐரோப்பாவுக்குச் சென்றார். 1861 ஆம் ஆண்டு இரு சபைகளுக்கும் துக்க ஆண்டாயிருந்தது. பெப்ரவரி 8 இல் நோவாய் அடிகளாரும், மே 21 இல் மசெனட் ஆண்டகையும் மரணமடைந்தனர். உடன்படிக்கை செய்த இருவருமே மறைந்துவிட்டபோதிலும், அவர்கள் நட்ட கன்று பட்டுவிடவில்லை. 1862 ஆம் ஆண்டு திருக்குடும்பக் கன்னியரின் முதற் கூட்டம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஆசியாக் கண்டத்தில் அச்சபை முதலிற் காலூன்றிய மண் யாழ்ப்பாணமே.

அந்நாளிற் கடற்பயணம் என்பது விளையாட்டன்று. சூயஸ் கால்வாய் 1869 இலேதான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கிழக்கே வருவோர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கிற் கடலில் மிதக்க வேண்டும். அல்லது எகிப்தில் இறங்கித் தரைவழியே செங்கடலை அடைந்து மீண்டும் கப்பலேற வேண்டும். இலங்கையில் தபாற் கப்பல்கள் தங்கிய துறை கொழும்பன்று, காலியே. தீவின் தென்முனையிலிருந்து வடமுனைக்குச் செல்வது இன்னொரு நெடும் பயணம். திரும்பிப் போகும் எண்ணத்தோடு எவரும் அப்பயணத்தை மேற்கொள்வதில்லை. பெற்றோரையும் தாய்நாட்டையும் இனிக் காணப்போவதில்லை என்று தெரிந்தே அப்பெண்கள் கப்பலேறினர்.

அவர்கள் வந்திறங்கிய யாழ்ப்பாணம் பெண்கல்வியே அறியாத நாடு என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் 1824 ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டனர். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவிச் சைவர்க்குத் தற்காப்புத் தேடிக்கொடுத்திருந்தார். கத்தோலிக்கப் பெண்களோ இவ்விரண்டுக்கும் வெளியே நின்றனர். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஏற்கெனவே இருந்த கத்தோலிக்கப் பெண்பாடசாலையைக் கன்னியர் ஏற்று நடத்தினர். இன்று யாழ்ப்பாணம் திருக்குடும்பக் கன்னியர் மடம் என வழங்கும் பெரும் பாடசாலைக்கு அதுவே வேர். பள்ளியோடு விடுதியும், விடுதியோடு அனாதைச் சாலையும் சேர்ந்தன. அக்காலத்தில் வாந்திபேதி வந்தால் ஒரு வீட்டிற் பெரியோர் எல்லோரும் ஒரே கிழமையில் மாய்வதுண்டு. எஞ்சிய குழந்தைகளை ஏற்க ஓரிடம் வேண்டியிருந்தது.

பிரான்சிலிருந்து வந்த அப்பெண்கள் இரண்டு புதுமொழிகளை ஒருங்கே பயில வேண்டியிருந்தது. அரசாங்க மொழி ஆங்கிலம்; அடுப்படியின் மொழி தமிழ். ஆங்கிலம் அறியாவிடிற் கல்வித் திணைக்களத்தோடு பேச முடியாது. தமிழ் அறியாவிடிற் பிள்ளையின் தாயோடு பேச முடியாது. இவ்விரண்டிலும் தமிழே கடினமாயிருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1869 இல் அரசாங்கம் கல்விக்கெனத் தனித் திணைக்களம் அமைத்தது. அதனைத் தொடர்ந்து மிஷன் பாடசாலைகளுக்கு உதவிப்பணம் வழங்கும் முறை உறுதிப்பட்டது. செமேரியா ஆண்டகைக்குப் பின் 1868 முதல் யாழ்ப்பாணத் திருச்சபையை ஆண்ட பொன்ஜீன் ஆண்டகை, சமயச் சார்புள்ள பாடசாலைகளுக்கும் அரசாங்கப் பணம் உரியதென வாதாடியவர்களுள் முதல்வர். உதவிப்பணம் வந்ததால் பாடசாலைகள் பெருகின. பாடசாலைகள் பெருகியதால் ஆசிரியைமார் வேண்டப்பட்டனர். எத்தனை கன்னியரைத்தான் ஐரோப்பாவிலிருந்து வரவழைக்க முடியும்? விடை இந்நாட்டிலேயே கிடைத்தது. தமிழ்ப் பெண்களே துறவு பூண முன்வந்தனர். அர்ச். இராயப்பர் கன்னியர் என்ற பெயரில் சுதேசக் கன்னியர் பிரிவு ஒன்று திருக்குடும்ப சபையைச் சார்ந்து உருவாயிற்று. கிராமந்தோறும் தமிழ்ப் பாடசாலைகளிற் கற்பித்தவர்களும், அனாதைச் சாலைகளைத் தாங்கியவர்களும் பெரும்பாலும் இவர்களே.

இங்கே வரலாற்றாசிரியன் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஒரே செபம், ஒரே விரதம், ஒரே பணி. ஆயினும் ஐரோப்பியருக்கு ஒரு பெயரும் சுதேசிகளுக்கு இன்னொரு பெயரும் இருந்தன. பாடசாலைகளும் அவ்வாறே இரண்டாய் நின்றன. பட்டினத்திற் கட்டணம் செலுத்தும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடசாலை. கிராமத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடசாலை. இஃது அக்காலத்தில் எல்லா மிஷன்களிலும், ஏன், இலங்கை முழுவதிலுமே இருந்த பிளவுதான். ஆயினும் குடும்பம் என்று பெயர் சூடிய சபையிலே அது இருந்தமை கூடுதலாக உறுத்துகிறது. பின்னாளில் அப்பிரிவு நீங்கி அனைவரும் ஒரே சபையினராயினர். அந்த இடைக்காலத்தில், பெயரிற் பின்தள்ளப்பட்ட சுதேசக் கன்னியரே மக்களிடையே முன்னின்றனர் என்பதை மறைத்து எழுதும் வரலாறு நேர்மையான வரலாறாகாது.

இன்னொரு குறையையும் மறைப்பதற்கில்லை. மிஷன் பாடசாலைகள் மதமாற்றத்துக்குரிய வலைகள் என்று சைவப் பெரியோர் கண்டித்தனர். அக்கண்டனம் ஆதாரமற்றதன்று. கல்வியைப் பெறச் சென்ற பிள்ளை தன் சமயத்தை வாயிலில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டிய நிலை பல இடங்களில் இருந்தது. பிறசமயப் பிள்ளைகளைச் சமய பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோர்க்கு உண்டெனச் சட்டம் சொன்னபோதிலும், ஊரில் ஒரே ஒரு பாடசாலை இருக்கும்போது அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். இந்தப் போட்டியினால் நன்மையும் விளைந்தது. பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913 இல் மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவினார். ஒரு சமயத்தார் திறந்த பள்ளி, மற்றச் சமயத்தாரையும் தம் பெண்மக்களைப் பற்றிச் சிந்திக்கச் செய்தது.

இனி வன்னிக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கன்னியர் மடங்கள் எழுந்த வேகத்தில் வன்னியில் எழவில்லை. இளவாலை போன்ற ஊர்களில் மடமும் பாடசாலையும் ஓங்கி வளர்ந்தபோது, வன்னிக்குச் சில பேரே சென்றனர். காரணம் வெளிப்படை. குடிகள் குறைவு, ஊருக்கும் ஊருக்கும் இடையே காடு, காய்ச்சல். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர் பெரும்பாலும் கடற்றொழிலாளர். பருவத்துக்குப் பருவம் கரைமாறி வாடியமைத்துத் தொழில் செய்வோரும் அவர்களுள் இருந்தனர். வாடியோடு குடும்பமும், குடும்பத்தோடு பிள்ளைகளும் இடம்பெயர்ந்தால், பாடசாலை இடாப்பிற் பெயர் இருக்கும். வாங்கிற் பிள்ளை இராது. தம்பியைத் தூக்கி வைத்திருக்கவும் கருவாடு காயவைக்கவும் வீட்டுக்கு வேண்டியவள் பெண்பிள்ளையே. ஆதலால் இடாப்பில் முதலிற் சிவப்புக்கோடு விழுவது அவள் பெயருக்குத்தான்.

இந்த நிலையில் ஆசிரியை ஊரிலேயே வசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பாடசாலை நடத்தியோர் அறிவர். கிழமைக்கு மூன்று நாள் வந்து போகும் ஆசிரியருக்குப் பிள்ளை வரவில்லை என்பது மட்டும் தெரியும். ஊரிற் குடியிருக்கும் ஆசிரியைக்கு ஏன் வரவில்லை என்பதும் தெரியும். மாலையில் அவள் வாடிக்குச் சென்று தாயோடு பேசலாம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாம். சண்டையிட்ட கணவனைக் கண்டிக்கவும் செய்யலாம். கல்வித் திணைக்களம் இன்று கஷ்டப் பிரதேசப் பாடசாலை என்று வகுத்து, அங்கே செல்வோர்க்கு மேலதிகப் படி கொடுத்தும் நிரப்ப முடியாத இடங்களைக் கன்னியர் படி ஏதுமின்றி நிரப்பினர். அவர்களுடைய பொருளாதாரமும் அதற்கு உதவியது. உதவிப்பணத்தில் வந்த சம்பளம் ஒருவர் கைக்குப் போகாமல் மடத்தின் பொதுப் பெட்டிக்குப் போகும். பட்டினத்தில் வருவாயுள்ள மடம், காட்டோரத்தில் வருவாயற்ற மடத்தைத் தாங்கும்.

இதைவிட ஆழமான மாறுதல் ஒன்றும் நிகழ்ந்தது. தேசவழமை ஆளும் யாழ்ப்பாணச் சமூகத்திலே பெண்ணின் வாழ்வு சீதனத்தைச் சுற்றியே சுழன்றது. தகப்பன் வீடு, கணவன் வீடு, இவ்விரண்டுக்கும் அப்பால் அவளுக்கு ஓரிடம் இல்லை. மணமாகாத பெண் ஓர் ஊரில் ஆண்துணையின்றி வசிப்பது என்பது வாய்க்கு அவலாகும் செய்தி. இத்தகைய சமூகத்திலே, தமிழ்ப் பெண்கள் இருவர் மூவர் சேர்ந்து, தந்தையோ கணவனோ சகோதரனோ உடனின்றி, தமக்கு உறவற்ற தூர ஊரொன்றில் வீடெடுத்து வாழ்ந்தனர், கணக்கு வழக்குப் பார்த்தனர், பாடசாலையை நிருவகித்தனர், பரிசோதகர் வந்தால் நேரே நின்று மறுமொழி சொன்னார்கள். சீதனம் தேட வகையற்ற வீட்டுப் பிள்ளைகளே மடத்துக்குப் போகின்றனர் என்று இகழ்ந்தோரும் உண்டு. இகழ்ந்தவர்களே தம் மகளை அவர்களிடம் படிக்க அனுப்பினர். சமய வேறுபாடின்றி ஊரார் அவர்களுக்குக் கொடுத்த மரியாதை, பின்னாளில் அரசாங்க ஆசிரியையாகவும் தாதியாகவும் மருத்துவமாதாகவும் வன்னிக்குச் சென்ற மணமாகாத பெண்களுக்கு ஒரு பாதுகாப்பாயிற்று. அவ்வழியை முதலில் மிதித்து உண்டாக்கியவர்கள் கன்னியரே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வன்னியின் முகம் மாறத் தொடங்கியது. 1940 களின் பிற்பகுதியில் டி. டி. ரி. மருந்து தெளிக்கப்பட்டபின் குளிர்காய்ச்சல் தளர்ந்தது. (இலங்கை அந்நோயினின்றும் முற்றாக நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 இல்.) வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குடியேற்றத் திட்டங்கள் வந்தன. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி சட்டமாகிய போது, கட்டணம் செலுத்துவோர், செலுத்தாதோர் என்ற பழைய பிளவின் அடித்தளம் ஆட்டங்கண்டது. 1950 இல் எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகை யாழ்ப்பாண மேற்றிராணியாரானார். சுதேசத் தமிழர் ஒருவர் அப்பீடத்தில் அமர்ந்தது அதுவே முதல் முறை.

1960, 1961 ஆம் ஆண்டுகளில் நிறைவேறிய சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. சில பெரிய பாடசாலைகள் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக விலகி நின்றன. கிராமப் பாடசாலைகளுக்கு அவ்வாறு விலகி நிற்க வசதி ஏது? கட்டிடமும் காணியும் தளபாடமும் அரசாங்கத்துக்குச் சென்றன. கத்தோலிக்கர் இதனைப் பெரும் அநீதியாகக் கருதி எதிர்த்தனர். மறுபக்கத்தில், பொதுமக்கள் பணத்தில் நடக்கும் பாடசாலை எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்ப உரியதாதல் வேண்டும் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. கன்னியர் பலர் அரசாங்க ஆசிரியைகளாகவே அதே வகுப்பறைகளில் தொடர்ந்து கற்பித்தனர். நேற்றுவரை நடத்தியவர், இன்று மாற்றத்துக்கு உட்பட்ட உத்தியோகத்தர்! அந்நிலையை ஏற்றுக்கொண்டு அவர்கள் கடமை செய்தமையை, பாடசாலையைத் தொடங்கிய செயலிலும் உயர்வாகவே மதிக்க வேண்டும். வடபகுதியிற் பல பாடசாலைகளின் பெயர்ப்பலகையில் 'றோ.க.' என்ற இரண்டெழுத்து இன்றும் நின்று, றோமன் கத்தோலிக்க மிஷன் அதனை நடத்திய காலத்தை நினைவூட்டுகிறது.

1978 இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாயிற்று. தனக்கென ஒரு கச்சேரி பெற்ற அந்நாடு, தன் பிள்ளைகள் அமைதியாகக் கற்பதைச் சில ஆண்டுகளே கண்டது. பின்வந்த முப்பதாண்டு யுத்தத்தை இங்கு விரிப்பது நோக்கமன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல் துறந்து வெளியேறியபோது, அவர்களிற் பெருந்தொகையினர் வன்னியை வந்தடைந்தனர். உத்தியோகத்தர் முகம் வாடிய அதே வன்னி, அன்று உயிர்தப்பியோர்க்குப் புகலிடமாயிற்று. மரநிழலில் வகுப்புகள் நடந்தன. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் தடை இருந்தது. 1999 நவம்பரில், அடைக்கலம் தேடிச் சென்றோர் தங்கியிருந்த மடுத் திருப்பதியிலேயே எறிகணை வீழ்ந்து மக்கள் மாண்டனர்.

2004 திசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். முல்லைத்தீவுக் கரையைக் கடல் மூடியது. கரையோரத்திலிருந்த அர்ச். இராயப்பர் ஆலயம் இடிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்ட அம்மாவட்டத்திலே, தாயை இழந்த பிள்ளைகளும் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் ஒரே முகாமில் இருந்தனர். இத்தகைய வேளையில் துறவியரின் வேலை என்ன? பேர் எழுதுவது, பால்மா பங்கிடுவது, பிணத்தை அடையாளங் காண வந்தவளின் கையைப் பற்றிக்கொண்டு நிற்பது. 1862 இல் யாழ்ப்பாணத்தில் அனாதைச் சாலை திறந்த காலத்து வேலையும் ஏறத்தாழ இதுவே.

நான்காண்டு கழிந்ததும் அதனிலும் கொடியது வந்தது. 2009 சனவரியில் கிளிநொச்சியும் பின்னர் முல்லைத்தீவும் படையினர் வசமாயின. மக்கள் மேலும் மேலும் ஒடுங்கிய கரைக்குத் தள்ளப்பட்டனர். சர்வதேசத் தொண்டு நிறுவனங்களின் ஊழியர் 2008 செப்டெம்பரிலேயே அரசாங்கத்தின் கட்டளைப்படி வன்னியை விட்டு வெளியேறியிருந்தனர். குருமாரும் கன்னியரும் சிலர் வெளியேறவில்லை. மக்கள் நகர்ந்த இடமெல்லாம் அவர்களும் நகர்ந்தனர். வலைஞர்மடத்து மாதா கோவிலும் அதன் சுற்றுப்புறமும் அந்த மாதங்களிற் பதுங்குகுழிகளால் நிறைந்திருந்தன. பாடம் சொல்லிக் கொடுக்கும் காலம் அன்று போய்விட்டது. காயத்துக்குக் கட்டுப்போடுதலும், கஞ்சி காய்ச்சுதலும், செபமாலை சொல்லுதலுமே எஞ்சின. மே மாதம் யுத்தம் முடிந்தபோது உயிரோடிருந்தோர் செட்டிகுளத்து முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முள்வேலிக்கு அப்பாலும் இப்பாலும் துறவியரின் பணி தொடர்ந்தது.

மெனிக் பாம் என்ற அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அவ்வாண்டுக் குடிசன மதிப்பின்படி, ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்ந்தோர் 92,000 அளவினர். அவர்களிற் கணவனை இழந்த பெண்கள் பலர். குடும்பத்தின் முழுப் பாரமும் அவர்கள் தோளில். தகப்பன் வீடும் இல்லை, கணவன் வீடும் இல்லை என்ற நிலையிலே நிற்கும் அப்பெண்களுக்குத் தையற் பொறியும், கோழிக்கூடும், சிறு சேமிப்புச் சங்கமும், பிள்ளைக்கு மாலை வகுப்பும் வேண்டியிருந்தன. இக்காலத்தில் மடத்தில் சேரும் இளம் பெண்களின் தொகை முன்னையிலும் குறைவு. கல்வி கற்ற பெண்ணுக்கு வேறு வழிகள் பல திறந்துவிட்டன. அவ்வழிகளைத் திறக்க உதவியவர்களுள் கன்னியரும் இருந்தனர்.

மீள்குடியேறிய கிராமங்களுக்குச் சென்ற கன்னியர் கூரையற்ற வீடுகளுக்கு நடந்து சென்று, எந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று தாய்மாரிடம் விசாரித்தனர்.